அரிதாரம் கலையும் நான்கு நிமிடம்: மும்பை நாட்குறிப்பு

முதல் நாள், ரயிலில்

சென்னையில் ரயில் ஏறும்போது எங்கள் 11 பேருக்கும் சேர்த்து 23 மூட்டைகள் இருந்தன. தர்பார் படுதா, காட்டுப் படுதா, தெருப் படுதா மூன்றையும் மூங்கிலில் சுற்றிக் கீழ்ப் படுக்கைகளுக்கு அடியில் தள்ளினோம். ஹார்மோனியப் பெட்டியை மட்டும் அதன் சொந்தக்காரர் யாரிடமும் தரவில்லை. தன் காலுக்கும் சன்னலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, இரவு முழுவதும் அதன்மேல் ஒரு கையை வைத்தபடியே தூங்கினார்.

மும்பைத் தமிழர்கள் முன்னால் மூன்று இடங்களில் நாடகம் போடப் போகிறோம். மதுரைப் பக்கத்தில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் நாற்பது ஆண்டு ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேஷம், போட்ட ஒரு பெண்ணின் ஓர் இரவுதான் கதை. அவள் பஸ் ஏறுகிறாள், வேஷம் கட்டுகிறாள், வள்ளியாகப் பாடுகிறாள், வாடகை வீடு கேட்டுத் திட்டு வாங்குகிறாள், விடியற்காலையில் வேஷம் கலைக்கிறாள். அந்தப் பெண்ணாக நடிப்பவரும் நாற்பது ஆண்டு ஸ்திரீபார்ட் போட்டவர்தான். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைக்கிறோம்.

மேடைச் சாமான்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. விளக்கு அணைந்ததும் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, எந்த இடத்தில் சிரித்தார்கள், எங்கே இருமினார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்று நோட்டில் எழுதுவது இன்னொரு வேலை. இயக்குநர் அண்ணன் கொடுத்த வேலை இது. அதிலும் கடைசிக் காட்சியை நிமிடக் கணக்காக எழுதச் சொல்லியிருக்கிறார். அக்கா கண்ணாடி முன் உட்கார்ந்து, தேங்காயெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் கொண்டு அரிதாரத்தைத் துடைக்கும் காட்சி அது. வசனமும் இல்லை, இசையும் இல்லை. மொத்தம் நான்கு நிமிடம்.

இரவில் ஹார்மோனியக்காரர் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிப் பேசினார். 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த சுவாமிகளின் பாட்டை இன்னும் வாயில் வைத்திருப்பவர்கள் நாங்கள். ஆகவே அவர் பேச்சு வந்தால் பெட்டியில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். சுவாமிகள் எமன் வேஷத்தில் வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாம். இன்னொரு நாள் சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனவரைப் பார்த்து, துணி துவைக்க வந்த பெண் அதிர்ச்சியில் உயிரை விட்டாராம். அதன்பிறகுதான் அவர் வேஷம் கட்டுவதை விட்டு எழுதவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார் என்பது நாடகக்காரர்களிடம் வழிவழியாக வரும் பேச்சு. "பார்க்கிறவர் மேல் நமக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது" என்று முடித்தார். மேல் படுக்கையிலிருந்த அக்கா, "அந்தப் பெண்ணின் பெயரை யாராவது கேட்டார்களா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாம் நாள்

காலையில் சோலாப்பூர். புனே தாண்டியதும் மலை. லோனாவாலாவில் சிக்கி வாங்கினோம். அங்கிருந்து கர்ஜத் வரை ரயில் இறங்கும் வழியெல்லாம் சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்திலும், கோமாளி வேஷம் போடும் பபூன் அண்ணன் குரல் கொடுக்க, அடுத்த பெட்டிக் குழந்தைகள் பதில் குரல் கொடுத்தார்கள்.

மாதுங்காவில் தங்க இடம். மாலையில் தெலங் ரோட்டில் நடந்தேன். வாழையிலைக் கட்டு, தொடுத்த மல்லிகை, வெற்றிலை, காபிப்பொடி அரைக்கும் வாசனை. பூக்காரம்மா என்னிடம் தமிழிலும் பக்கத்தில் நின்றவரிடம் மராத்தியிலும் ஒரே மூச்சில் விலை சொன்னார். தெற்கிலிருந்து வந்தவர்கள் இங்கே நூறு ஆண்டுகளாக வேர் விட்டிருக்கிறார்கள். ஆஸ்திக சமாஜம் 1923-லும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-லும் தொடங்கியவை. கொஞ்ச தூரத்தில் ஷண்முகானந்தா அரங்கம் இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது அந்தப் பெரிய மண்டபம் இல்லை. முந்நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு சிறு அரங்கம்.

மூன்றாம் நாள், மாதுங்கா

அரங்கு நிரம்பியது. பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்கள். நல்ல புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கோயிலுக்கு வருவது போல வந்திருந்தார்கள். விளக்குப் போட வந்திருந்தவர் ஒரு மராத்திக்காரர், வயதானவர். தொடங்கும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே நேரம் மறுபக்கம் அக்காவும் அதையே செய்துகொண்டிருந்தார்.

பாட்டுகளுக்குக் கிடைத்த வரவேற்பை எழுத என் பேனா போதவில்லை. வள்ளி தினைப்புனத்தில் ஆலோலம் பாடியபோது முன்வரிசைக் கைகள் தொடையில் தாளம் போட்டன. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் உச்ச ஸ்தாயிக்குப் போனதும் என் பின்னாலிருந்த பாட்டி, "கிட்டப்பாவை நான் கேட்டதில்லை, என் அம்மா கேட்டிருக்கிறாள்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் 27 வயதில் மறைந்தவர். அந்தக் குரலின் நினைவு ஒரு தாயிடமிருந்து மகளுக்கு வந்து, மும்பையில் ஓர் அரங்கின் நான்காம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்காரர் காட்சியில்தான் எனக்கு மனம் கசந்தது. "கூத்தாடிக்கு வீடு கிடையாது" என்று அவர் கதவைச் சாத்தும்போது அரங்கமே சிரித்தது. அக்கா மூட்டையோடு வாசலில் நிற்கிறார், கூட்டம் சிரிக்கிறது. நோட்டில் பேனாவை அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது.

பிறகு அந்த நான்கு நிமிடம். முதல் நிமிடம் அமைதி. எண்ணெய் பட்டதும் நெற்றியின் ரோஜா நிறம் கரைந்து புருவ மையோடு சேர்ந்து ஒழுகும். இரண்டாம் நிமிடத்தில் யாரோ நாடகம் முடிந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். அக்கா நிறுத்தவில்லை. இடது கன்னம் முடித்து வலது கன்னத்துக்குப் போனார். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்று, பின் ஒரு சங்கடமான அமைதி. எங்கோ ஒரு கைப்பேசி ஒலித்து அடங்கியது. மூன்றாம் நிமிடத்தில் ஆறாம் வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். போகப் போகிறார் என்று எழுதத் தொடங்கினேன். அவர் போகவில்லை. திரை விழும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

வெளியே வரும்போது அவரிடம் கேட்டேன். "சிறு வயதில் தஞ்சாவூரில் அப்பா தோளில் உட்கார்ந்து எத்தனையோ நாடகம் பார்த்திருக்கிறேன். வேஷம் கலைந்த முகத்தை ஒரு தடவையும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் அப்படி இருக்கும்போது நான் சாய்ந்து உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியது" என்றார்.

இரவு சாப்பாட்டில் நான் கூட்டத்தைக் குறை சொன்னேன். இயக்குநர் அண்ணன் மறுத்தார். வீட்டுக்காரராக வருபவர் ஒத்திகையில் இல்லாத ஒரு கோணல் நடையை இன்று சேர்த்திருக்கிறார். கூட்டம் சிரித்தது அந்த நடைக்கு. சிரிப்பு தொடங்கிவிட்டால் வசனம் அதை நிறுத்தாது. "அவர்கள் சரியாகத்தான் பார்த்தார்கள். நாம்தான் தவறாகக் காட்டினோம்" என்றார். நடையை எடுத்தாயிற்று.

நான்காம் நாள், தாராவி

ஊரில் எங்கள் நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கும், விடியும்போது முடியும். இங்கே பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தராது. மாலை ஏழு மணிக்கே தொடங்கினோம். ஆயுள் முழுக்கப் பத்து மணிக்கு மேடையேறியவருக்கு அந்நேரத்தில் வேஷம் கலைப்பது உடம்புக்கே புரியவில்லை என்றார் அக்கா.

90 அடி ரோட்டிலிருந்து உள்ளே ஒரு திறந்த இடம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள். முன்னால் தார்ப்பாயில் குழந்தைகள், அதற்குப் பின்னால் வேலை முடித்து வந்த பெண்கள், கடைசியில் ஆண்கள் நின்றபடி. வீடுகளின் வெளிப்பக்கம் சாத்தியிருக்கும் இரும்பு ஏணிகளின் படிகளிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேடையின் வெளிச்சம் அவர்கள் பாதங்களில் மட்டும் விழுந்தது.

மாதுங்கா கேட்டது, தாராவி பேசியது. பபூன் ஒரு கேள்வி போட்டால் ஏணியிலிருந்து பதில் வந்தது. அவர் அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் கட்டினார். ஸ்பெஷல் நாடகத்தில் நடிகர்கள் சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். எதிராளி எதைப் போட்டாலும் தாங்கும் பயிற்சி இப்படி வந்தது. எங்கள் நாடகம் எழுதி ஒத்திகை பார்த்தது. ஆனால் இன்றிரவு அது எழுதாத நாடகமாகிவிட்டது. வள்ளிக்கும் வேலனுக்கும் தர்க்கம் நடக்கும்போது பெண்கள் வள்ளி பக்கமும் ஆண்கள் வேலன் பக்கமும் சேர்ந்துகொண்டார்கள். நேரம் கருதி ஹார்மோனியக்காரர் ஒரு பாட்டின் சரணத்தை விட்டுவிட்டுத் தாண்ட, பின்னாலிருந்து ஒரு முதியவர், "இன்னும் ஒரு அடி இருக்கிறது, அதையும் பாடு" என்றார். பாடினோம். பாட்டு முடிந்ததும் அவரே மேடைக்கு வந்து பத்து ரூபாய் நோட்டை ராஜபார்ட்டின் ஜரிகைச் சட்டையில் ஊக்கால் குத்தினார். ஊக்கை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்!

வீட்டுக்காரர் காட்சி. "கூத்தாடிக்கு வீடு கிடையாது." கதவு சாத்தியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அமைதியில் பின்னாலிருந்து ஓர் இளைஞன் குரல் மட்டும் வந்தது: "தாராவி என்று சொன்னால் எங்களுக்கும் கிடையாது." யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏணியில் இருந்த ஒருவர் "உம்" என்றார். அக்கா வழக்கமாக அந்த இடத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இன்று மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சற்று நேரம் நின்றார்.

நான்கு நிமிடத்தில் நான் எழுதியது இரண்டே வரி. ஒருவரும் எழவில்லை. ஒரு சிறு பெண் குழந்தை, "அம்மா, ராணி பாட்டி ஆகிவிட்டார்" என்றது.

நாடகம் முடிந்து சாமான் கட்டும்போது ஓர் அம்மாள் அக்காவைத் தனியே அழைத்துப் பேசினார். நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. அதை அவரிடம் கேட்காமல் இங்கே எழுதமாட்டேன். அவர் தன் வீட்டிலேயே இன்னும் சொல்லாத விஷயம் அது. அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் எதுவும் பேசவில்லை.

ஐந்தாம் நாள், தாதர்

ஓய்வு நாள். மாதுங்காவில் விளக்குப் போட்ட பெரியவர், "எங்கள் நாடகத்தையும் பாருங்கள்" என்று தாதர் சிவாஜி மந்திருக்கு அழைத்துப் போனார். போகும் வழியில் மராத்திப் பத்திரிகையின் நாடக விளம்பரப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். எந்த அரங்கில் எத்தனை மணிக்கு எந்த நாடகம் என்று பெட்டி பெட்டியாக இருந்தது. டிக்கெட் வாங்கி நாடகம் பார்ப்பதைச் சினிமா பார்ப்பது போல வாழ்க்கையில் ஒரு பகுதியாக வைத்திருக்கும் ஊர். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாவது மணி அடித்ததும் பேச்சு நின்றது. மொழி எனக்குப் புரியாததால் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூத்த நடிகர் ஒருவர் மேடைக்கு வந்ததும், வாய் திறக்கும் முன்பே கைதட்டல். இடைவேளையில் எல்லோரும் படாட்டா வடாவுக்கு ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். சூடான வடையை ஊதி ஊதித் தின்றபடியே முதல் பாதியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் பழைய கதைகள் சொன்னார். 1843-இல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே போட்ட சீதையின் சுயம்வர நாடகத்திலிருந்து இவர்கள் தங்கள் நாடக வரலாற்றைத் தொடங்குகிறார்கள். நவம்பர் 5 இவர்களுக்கு அரங்க நாள். நாடகக்காரனின் வாழ்க்கையையே நாடகமாக்கி ஷிர்வாட்கர் எழுதிய 'நடசாம்ராட்' 1970-இல் மேடையேறியது. ஸ்ரீராம் லாகூ நடித்தார். ஓய்வு பெற்ற ஒரு மகாநடிகர் பிள்ளைகள் வீட்டில் மரியாதை இழந்து தெருவுக்கு வரும் கதை. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டதாகப் பெரியவர் சொன்னார்.

பால கந்தர்வர் என்ற நடிகரைப் பற்றியும் சொன்னார். 1888-இல் பிறந்த அவர் பெண் வேஷத்தில் மேடைக்கு வந்தால், அவர் புடவை கட்டிய விதத்தைப் பார்த்து மராத்தியப் பெண்கள் தங்கள் புடவைக் கட்டை மாற்றிக்கொண்டார்களாம். அக்கா இதைக் கேட்டு நடப்பதை நிறுத்திவிட்டார். "ஆண் பெண்ணாக வேஷம் போட்டால் குடும்பப் பெண்கள் அவரைப் பார்த்துப் புடவை கட்டுகிறார்கள். நாங்கள் பெண்ணாகவே பிறந்து அதே வேஷம் போட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்" என்றார். இதை ஒருவர் இந்தியில் பெரியவருக்குச் சொன்னார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பின்பு, இங்கேயும் நடிகைகளுக்கு அப்படித்தான் இருந்தது என்றார்.

ஊரில் நாடக நோட்டீஸில் அக்காவின் முகம் நாலு விரல் அகலத்துக்கு இருக்கும். ஆனால் அதே ஊருக்குப் பஸ்ஸில் போகும்போது முக்காடு போட்டு, கண்ணைத் தாழ்த்தி, கோயிலுக்குப் போகிறவர் போல உட்கார்ந்திருப்பார். மேடையில் எல்லோரும் பார்க்க வேண்டும், தெருவில் ஒருவரும் பார்க்கக் கூடாது. நாற்பது ஆண்டுகள் இப்படி இருந்திருக்கிறார்.

ஆறாம் நாள், செம்பூர்

சுருக்கமாக எழுதுகிறேன், களைப்பு. பள்ளிக்கூட மண்டபம். ஒலிவாங்கி இரண்டு முறை கழுத்தை அறுத்தது, பிறகு அது இல்லாமலே நடித்தோம். பாதிப்பேர் இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அம்மாக்கள் காதில் விளக்கியதால் பபூனின் நகைச்சுவைக்குச் சிரிப்பு இரண்டு தவணையாக வந்தது.

நான்கு நிமிடத்தில் ஏராளமான கைப்பேசிகள் உயர்ந்தன. அப்போது அக்கா ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தார். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்து துடைத்தார். எண்ணெய் வழியும் முகம், பாதி வள்ளி, பாதி ஐம்பத்தெட்டு வயதுப் பெண். அந்தக் கண்கள் நேராகப் பார்க்கும்போது கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. கைப்பேசிகள் இறங்கின. மூன்றாம் நிமிடத்தில் எண்ணினேன், இரண்டுதான் மிச்சம்.

முடிந்த பிறகு ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள்: "இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் ஏன் இதை விடவில்லை?" அக்கா சொன்னார்: "இரவு பத்து மணிக்கு மேடையேறினால் விடியும்வரை நான் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. ராஜாவோடு தர்க்கம் செய்வேன், முருகனையே மடக்குவேன். கீழே இறங்கினால்தான் பயம். அதற்காக மேலே ஏறுவதை விடுவேனா?"

ஏழாம் நாள், குர்லா டெர்மினஸ்

தாராவி அம்மாளிடம் நேற்றே ஆள் மூலம் கேட்டிருந்தேன். எழுதலாம், பெயர் வேண்டாம் என்று பதில் வந்தது.

அன்றிரவு அவர் அக்காவிடம் சொன்னது இதுதான். அவருடைய அம்மா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்திரீபார்ட். கல்யாணம் பேசும்போது அதை மறைத்துவிட்டார்கள். அம்மா தையல் வேலை செய்து பிழைத்தார் என்றுதான் கணவர் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அம்மா இறந்தபோது அவர் பெட்டியில் இருந்த நோட்டீஸ்களை அடுப்பில் போட்டதாகச் சொல்லி அழுதார். "நீங்கள் துடைக்கும்போது அவள் துடைப்பது போலவே இருந்தது. காதுக்குப் பின்னால் கடைசியாகத் துடைப்பாள், அங்கேதான் மை நிற்கும்" என்றார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

இன்று ரயில் கிளம்ப அரை மணி இருக்கும்போது அவர் மகள், பதினேழு வயதுப் பெண், டிபன் கேரியரோடு பிளாட்பாரத்துக்கு வந்தாள். நாலு அடுக்கிலும் இட்லி. அவர்கள் வீட்டுத் தொழிலே அதுதான். விடியும் முன் அவித்து, அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விற்பார்.

"அம்மா நேற்று வீட்டில் சொல்லிவிட்டார்" என்றாள்.

அக்கா டிபன் கேரியரைக் கையில் வாங்கியபடியே நின்றுவிட்டார். "அப்பா என்ன சொன்னார்?"

"ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் மூன்று மணிக்கு மாவு ஊற்றும்போது, 'உன் அம்மா நன்றாகப் பாடுவாரா?' என்று கேட்டார்."

"உன் அம்மா என்ன சொன்னார்?"

"பாடுவார் என்றார். அப்புறம் இரண்டு பேரும் தட்டை அடுப்பில் ஏற்றினார்கள்."

பெண் சற்றுத் தயங்கிவிட்டு, பாட்டியை அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அக்கா பெயரைக் கேட்டார், அவள் சொன்னாள். ஹார்மோனியக்காரர் சன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "எந்த ஊர் செட்டு?" என்றார். பெண்ணுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் அந்தப் பெயர் நினைவில் இல்லை. தெரியும் என்று பொய் சொல்லவும் இல்லை. "மதுரையில் மூத்தவர்களைக் கேட்கிறேன். யார் வீட்டுச் சுவரிலாவது ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்" என்றார்.

ரயில் நகர்ந்தது. அக்கா என் நோட்டை வாங்கி, தாராவிப் பக்கத்தின் அடியில் அந்தப் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.